ஊசியக்காவுக்கு உட்காரத் தெரியாது

என் அண்ணிக்கு உட்காரத் தெரியாது. இது புகார் இல்லை, தகவல். சாப்பிடும்போது ஒரு காலை மடித்து, இன்னொரு காலை எழுந்து ஓடத் தயாராக வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவாள். சினிமாவுக்குக் கூட்டிப்போனால் பாதிப் படத்தை வாசல் கதவருகே நின்றுகொண்டு பார்ப்பாள். தூக்கத்தில்கூடக் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருக்கிறது என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். நான் அவளுக்கு நேர்மாறு. அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுவேன், அதுவும் நாற்காலி சலித்துக்கொள்கிறதே என்ற இரக்கத்தில். எங்கள் இருவரோடும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிற அண்ணனுக்குத் தலைமுடி சீக்கிரம் நரைத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அண்ணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், கைக்குழந்தையை விட்டு நகர முடியாதவர்கள், மாடிப்படி இறங்க முடியாதவர்கள், இவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து, குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவருவாள். விடியும் முன் கிளம்பிவிடுவாள், ஏனென்றால் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களைக் காக்க வைப்பது பாவம் என்பது அவள் கட்சி. குத்துவது தெரியாமல் குத்துவாள். பேசிக்கொண்டே இருப்பாள், பேச்சு முடிவதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பாள். அவள் போகும் தெருக்களில் எல்லாம் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர்.

அவள் ஓட்டுவது அண்ணனின் பழைய மோட்டார் சைக்கிள். அவனுக்கு ஒரு நிறுவனத்தில் கார் ஓட்டும் வேலை கிடைத்ததும் வண்டி பின்கட்டில் தூசி படிந்து நின்றது. சும்மா நிற்கிற எதையும் அண்ணிக்குப் பார்க்கப் பொறுக்காது. திறப்புவிழா ஆகாத ஒரு புது ரோட்டில் தானே விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளலாமே என்று ஊரே புத்தி சொன்னது. அதில் இடது காலுக்கு என்ன வேலை என்று கேட்டாள்.  மெக்கானிக் கடையில் காத்திருப்பவர்களுக்கென்று ஒரு பெஞ்சு உண்டு. அண்ணி அதில் உட்கார்ந்ததே கிடையாது. மெக்கானிக்கின் தோளுக்குப் பின்னால் நின்று, இது எதுக்கு, அது எதுக்கு என்று நச்சரித்து, செயின், பிளக், கேபிள் வேலை எல்லாவற்றையும் கண்ணால் திருடிக்கொண்டாள். பிறகு அந்த வேலைகளுக்கு அவனிடம் போவதையே விட்டுவிட்டாள். எண்ணெய் மாற்ற மட்டும் அவன் கடைக்கு அனுப்புவாள், அதுவும் அண்ணன் கையில் கொடுத்து.

சிக்கல் போன வாரம் வந்தது. எங்கள் தெரு முடிகிற இடத்தில் ரயில் பாதைக்கு மேலாக ஒரு மேம்பாலம் இருக்கிறது, ஏற்றம் கொஞ்சம் முரட்டு ஏற்றம். காலையில் ஐஸ் பெட்டி நிறையக் குப்பிகளோடு அதில் ஏறியிருக்கிறாள். பாதி மேட்டில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்கச் சத்தம்தான் கூடுகிறது. வண்டி நின்று, பின்னால் உருளப் பார்த்தது. பின்னால் வந்தது ஒரு பாரம் ஏற்றிய லாரி. லாரிக்காரன் எப்படியோ நிறுத்திவிட்டான். நிறுத்தியதோடு நில்லாமல் இறங்கிவந்து அவள் வண்டியை ஓரம் தள்ளிவிட்டுத் திட்டவும் செய்தான். அண்ணி ஒரு வாடகைக் காரை மறித்து ஏறி, குப்பிகளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

இதைச் சாப்பிடும்போது சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போனான். மேட்டில் ஒரு லாரி நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்று எங்கள் வீட்டில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் அவன் செய்த காரியம்தான் வீட்டை இரண்டாக்கியது. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பரிசோதனை நிலையத்தின் மேனேஜரம்மாவுக்குப் போன் போட்டு, உங்கள் கவுன்டரில் ஆள் இல்லை என்றீர்களே, திங்கட்கிழமையிலிருந்து இவள் உட்காருவாள் என்று சொல்லிவிட்டான். அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அண்ணிக்கு விஷயம் அந்தம்மா வாயால்தான் தெரிந்தது.

அன்று மாலை அண்ணி கத்தவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், கவுன்டர் வேலை என்ன கெட்டது, மின்விசிறி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, நேரத்துக்கு டீ வருகிறது என்றேன். அவள் நடையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"உன்ன நாளையிலருந்து தெருத்தெருவா வண்டில அனுப்பினா போவியா?"

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.  எனக்குத் தெரு எப்படியோ அவளுக்குக் கவுன்டர் அப்படி என்று அப்போதுதான் புரிந்தது.

கடைசியில் இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் வண்டி அந்த மேட்டில் ஏறிக் காட்ட வேண்டும். ஏறினால் அண்ணனே மேனேஜரம்மாவுக்குப் போன் செய்து, இவள் வரமாட்டாள் என்று சொல்ல வேண்டும்.

"ஏறலன்னா?" என்றான் அண்ணன்.

"ஏறலன்னா உக்காந்துக்கறேன்" என்றாள் அண்ணி. 

மெக்கானிக் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான், கடை பூட்டிக் கிடந்தது. அதனால் என்ன, கிளட்ச்தான் வழுக்குகிறது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளட்ச் பிளேட் ஒரு செட்டும், எண்ணெய் கசியாமல் கவருக்கு அடியில் வைக்கிற புது கேஸ்கட்டும் வாங்கிவந்துவிட்டாள். ஞாயிறு காலை காபி ஆறுவதற்குள் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லருகே கடை பரப்பியாகிவிட்டது. எனக்கு டார்ச் பிடிக்கும் உத்தியோகம். உட்கார்ந்து பிடிக்கலாம் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

முதலில் கைப்பிடியில் கிளட்ச் லீவரை ஆட்டிப் பார்த்தாள். தொய்வு இருக்க வேண்டிய அளவு இருந்தது, கேபிளும் தடையில்லாமல் ஓடியது. அப்படியென்றால் கோளாறு உள்ளேதான். உள்ளே பார்க்க வலது பக்கக் கவரைக் கழற்ற வேண்டும். இன்ஜினின் அடியில் இருக்கும் போல்ட்டைத் திறந்து எண்ணெயை முழுவதும் இறக்கிவிட்டுக் கழற்றுவது ஒரு முறை. வண்டியை இடது பக்கம் சுவரில் சாய்த்துவிட்டால் எண்ணெய் அந்தப் பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும், இறக்காமலே கழற்றலாம் என்பது இன்னொரு முறை. அண்ணி எதைத் தேர்ந்தெடுத்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயை இறக்கிவிடலாமே என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"அது சொட்டு சொட்டா வடியறதுக்குள்ள எனக்குப் பேத்தி பொறந்துடும்" என்றாள்.

உதைத்துக் கிளப்பும் கிக்கரைக் கழற்றினாள். கவரின் போல்ட்டுகள் நீளமும் குட்டையுமாக இருந்தன. ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டு அந்தந்த போல்ட்டைக் குத்திவைத்தாள். கவர் கையோடு வந்தது. உள்ளே வட்டமான கூடை மாதிரி ஒன்று, அதற்குள் கார்க் ஒட்டிய பிளேட்டும் வெறும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருந்தன. இரண்டும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்தால் இன்ஜின் சுற்றுவது சக்கரத்துக்குப் போகும், பிடி நழுவினால் இன்ஜின் கத்தும், வண்டி நிற்கும், அவ்வளவுதான் சங்கதி. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்குகளைக் கழற்றி வரிசையாக நிறுத்தினாள். ஒன்றும் குட்டையாகவில்லை. கூடத்தில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து கல்லின் மேல் கிடத்தினாள். ஸ்டீல் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து விளிம்பை விரலால் தட்டினாள். வளைந்திருந்தால் ஆடும், ஒன்றும் ஆடவில்லை. பழைய கார்க் பிளேட்டுகளை ஒரு அடுக்காகவும் புதியவற்றை ஒரு அடுக்காகவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டு அடுக்கும் ஏறக்குறைய ஒரே உயரம்.

"இது தேயவே இல்லையே" என்று முனகினாள். நெற்றி சுருங்கியது. ஆனால் நெற்றி யோசித்து முடிப்பதற்குள் கை புது பிளேட்டை எடுத்துவிட்டது. அண்ணியின் கை எப்போதும் அவள் தலைக்கு முன்னால் ஓடும்.

புது பிளேட்டை உலர்ந்தபடி மாட்டக் கூடாதாம், எண்ணெயில் ஊற வேண்டுமாம். அண்ணன் கார்ச் சாமான்கள் வைக்கும் அலமாரியிலிருந்து ஒரு பளபளப்பான டப்பாவை எடுத்துவந்து, பழைய தட்டில் ஊற்றி ஊற வைத்தாள். அது ஊறும் நேரத்தில் அவள் செய்த வேலைகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கேஸ்கட்டைச் சுரண்டினாள், திரைச்சீலைகளைத் துவைத்தாள், எதிர்வீட்டுக்காரியின் மிக்ஸிக்கு ஒயர் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள், நடுநடுவே தட்டை எட்டிப் பார்த்து, இன்னும் ஊறவில்லையா என்று பிளேட்டுகளை அதட்டினாள். அண்ணன் முன்னறையில் டிவி முன்னால் இருந்தான். டிவி ஓடியது, அவன் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடிக்கடி பின்கட்டு வரை வந்து போனான். வேலை முடியக் கூடாது என்று வந்தானா, முடிய வேண்டும் என்று வந்தானா என்பது அவன் முகத்தில் தெரியவில்லை.

மத்தியானம் தாண்டி எல்லாவற்றையும் மாட்டி முடித்தாள். வண்டியை உதைத்துக் கிளப்பி, பின்தெருவின் சின்ன ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்தாள். இன்ஜின் கத்தியது. வண்டி நடந்துதான் ஏறியது. முன்னைவிட மோசம்.

தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். ஸ்டாண்டு போட்டாள். பிறகு துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு காலையும் தொங்கப் போட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளை அப்படிப் பார்க்கப் பிடிக்கவில்லை. பயமாகக்கூட இருந்தது. இந்த வீட்டில் உட்காருவது என் வேலை, அவள் ஏன் அதைச் செய்கிறாள் என்று கோபம் வந்தது. அண்ணன் கதவருகே வந்து நின்றான். சரி விடு, நீ முயற்சி செய்துவிட்டாய், போதும் என்பது போல ஏதோ மெல்லச் சொன்னான். அவள் தலை நிமிரவில்லை.

ஆனால் உட்கார்ந்ததால்தான் அவள் கண் பக்கத்தில் கிடந்த பழைய பிளேட்டின் மேல் விழுந்தது. எடுத்தாள். கட்டைவிரலால் தடவினாள். தலை இப்போதுதான் கையை எட்டிப் பிடித்தது போலும்.

"பழசும் நல்லாதான் இருந்துச்சு, வழுக்குச்சு. புதுசும் நல்லாதான் இருக்கு, வழுக்குது" என்றாள். "ரெண்டுக்கும் பொதுவா உள்ள என்ன இருக்கு?"

 அவள் எழுந்துபோய்த் தட்டில் மிச்சமிருந்த எண்ணெயை இரண்டு விரலால் தொட்டு உரசிப் பார்த்தாள். பிறகு இன்ஜினில் எண்ணெய் அளவு பார்க்கும் மூடியைத் திருகி எடுத்து, அதில் ஒட்டியிருந்ததை உரசிப் பார்த்தாள். இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே வழவழப்பு, ஒரே வாசனை.

"அந்த டப்பால என்ன எழுதிருக்கு, படி."

படிப்பது என் தொழில். படித்தேன். கார் இன்ஜின்களுக்கு மட்டும் என்று முன்பக்கம் இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில், உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்தது, கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும் மோட்டார் சைக்கிள்களில் ஊற்றக் கூடாது என்று இருந்தது. மெக்கானிக் தன் கடைப் பீப்பாயிலிருந்து ஊற்றுவது வேறு எண்ணெய். இது அவன் ஊற்றியது இல்லை. அண்ணி மெல்லத் திரும்பிக் கதவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அண்ணன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"போன மாசம் ஆயில் மாத்த உங்ககிட்டதானே வண்டிய குடுத்தேன்?"

"கடையில கூட்டமா இருந்துச்சு" என்றான். "நானே மாத்திட்டேன். என் காருக்கு ஊத்துற ஆயில். கார் நாள் பூரா ஓடுது, ஒரு சத்தம் கெடையாது. உன் வண்டிக்கும் அதே மாதிரி நல்லதா ஊத்தணும்னு தனியா வாங்கினேன். உன்கிட்ட சொன்னா மெக்கானிக்கத்தான் நம்புவேன்னு சொல்லுவ. அதான் சொல்லல."

வருடக்கணக்காகக் கார் ஓட்டுகிறவன், மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலத்தில் அதற்கு எண்ணெய் மாற்றியதெல்லாம் மெக்கானிக்தான். காரில் கிளட்ச் எண்ணெய் படாத இடத்தில் தனியாக இருக்கிறது. இன்ஜினுக்கு எவ்வளவு வழுவழுப்பான எண்ணெயோ அவ்வளவு நல்லது என்பதுதான் அவனுக்குத் தெரிந்த உலகம். மோட்டார் சைக்கிளில் அதே எண்ணெயில்தான் கிளட்சும் குளிக்கிறது, அங்கே கொஞ்சம் பிடிப்பும் வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. காலையில் அண்ணி பொறுமையாக எண்ணெயை இறக்கிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஒருத்தர் ஆசையாக ஊற்றினார், ஒருத்தர் அவசரத்தில் பார்க்கவில்லை. நல்ல ஜோடி.

அண்ணி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை, வானத்தைப் பார்த்தாள். இருட்ட இன்னும் நேரம் இருந்தது.

"பெட்ரோல் பங்க்ல பைக் ஆயில் வெச்சிருப்பான். ஓடுங்க" என்றாள்.

அண்ணன் ஓடினான். அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை. தொப்பை ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமுமாக ஓடினான். இந்தத் தடவை அண்ணி அடி போல்ட்டைத் திறந்து எண்ணெயை இறக்கினாள். முதலில் கயிறாக இறங்கியது, பிறகு நூலாக, பிறகு சொட்டுச் சொட்டாக. அவசரப்பட முடியாது, ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் வழுக்கும். கவரை மறுபடி கழற்றி, பிளேட்டுகளை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தாள். அண்ணன் மூச்சிரைக்கக் கொண்டுவந்த எண்ணெயில் கொஞ்சம் விட்டு இன்ஜினை அலசி, அதையும் வடியவிட்டாள். மிச்சத்தில் பிளேட்டுகளை ஊறவிட்டாள். அப்புறம் இரண்டு மணிக்கட்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து காத்திருந்தாள். பின்கட்டில் இப்போது நடந்தது அண்ணன். சுவரிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து சுவருக்கு. ஊறிடுச்சா, ஊறிடுச்சா என்று அவன் கேட்கக் கேட்க, அவள், பொறுங்க, பொறுங்க என்றாள். இந்தக் காட்சியைப் பார்க்கத்தான் நான் இந்த வீட்டில் பிறந்தேன் போலிருக்கிறது.

வெயில் சாயும் நேரத்தில் கடைசி போல்ட்டும் அட்டையிலிருந்து கவருக்குப் போனது, பைக் எண்ணெயும் இன்ஜினுக்குள் போனது. பின்தெருவில் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். வேண்டாம், பந்தயம் பாலத்து மேட்டில்தான் என்றாள். அண்ணனைப் பின்னால் ஏறச் சொன்னாள். அந்தப் பாரத்தோடு ஏறினால்தான் கணக்கு என்றாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் ஏறி உட்கார்ந்தான். வண்டி தெருமுனையில் திரும்பியது.

வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் என் சுபாவத்துக்குப் பொருத்தம். முடியவில்லை. கதவைக்கூடப் பூட்டாமல் நடந்தேன், பிறகு ஓட்டமும் நடையுமாகப் பாலத்தின் நடைபாதையில் ஏறினேன்.

நான் பார்க்கும்போது வண்டி மேட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. ஐயோ, போச்சு என்று நினைத்தேன். இல்லை, அவள்தான் நிறுத்தியிருந்தாள், அன்றைக்கு மாட்டிக்கொண்ட அதே இடத்தில். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அண்ணி கிளட்சைப் பிடித்திருந்த இடது கையை மெல்லத் தளர்த்தினாள். இன்ஜின் கத்தவில்லை, லேசாக உறுமியது. வண்டி இம்மி பின்னால் போகாமல் முன்னே நகர்ந்தது, அண்ணனின் அத்தனை எடையையும் இழுத்துக்கொண்டு உச்சி வரைக்கும் ஒரே இழுப்பில் ஏறியது. நான் நடைபாதையில் நின்று கைதட்டினேன். வேன்காரன் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனான்.

உச்சியில் அண்ணன் அவள் தோளைத் தட்டி ஓரமாக நிறுத்தச் சொன்னான். இறங்கினான். நடைபாதையில் கீழ்நோக்கி நடந்துவந்து, அவள் நின்ற இடத்தில் நின்றான். நான் அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது அவன் மேட்டை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு லாரி முக்கி முனகி ஏறி எங்களைக் கடந்து போனது. அதன் சக்கரங்களையே பார்த்தான். அண்ணி வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"லாரி எங்க நின்னுச்சு?" என்று கேட்டான்.

அவள் கையால் காட்டினாள். ரொம்பப் பக்கம். அவன் முகம் வெளுத்துவிட்டது. தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"ஒனக்கு எதாவது ஆயிருந்தா, நான் ஊத்தினதாலதான் ஆயிருக்கும்" என்றான். "நான் உன் வண்டிய குத்தம் சொன்னேன். உன்ன புடிச்சு உக்கார வைக்கப் பாத்தேன்."

அண்ணியின் கண் கலங்கியது. சட்டைக் கையில் துடைத்ததில் கன்னத்தில் கிரீஸ் அப்பிக்கொண்டது.

"ஆகலையே" என்றாள். "போன் பண்ணுங்க."

அங்கேயே நின்று, வண்டிகள் இரைச்சலோடு போகிற அந்த மேட்டிலேயே நின்று மேனேஜரம்மாவுக்குப் போன் செய்தான். திங்கட்கிழமையிலிருந்து கவுன்டரில் உட்காருவாள் என்று சொன்னது நான்தான், அவள் சொல்லவில்லை, அவள் வரமாட்டாள், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். அந்தம்மா காரணம் கேட்டிருக்க வேண்டும்.

"அவளுக்கு உக்காரத் தெரியாதுங்க" என்றான். 

அண்ணி அதற்குள் மேலேறிப் போய் வண்டியை உதைத்துக் கிளப்பியிருந்தாள். காலையில் படுக்கையில் கிடக்கும் ஒரு பெரியவரின் வீட்டில்தான் முதல் ஊசி, ஐஸ் பெட்டியைக் கழுவவில்லை, கண்ணாடியைத் திரும்ப மாட்டவில்லை, இங்கே நின்று என்ன கதை என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். அண்ணன் போய் ஏறிக்கொண்டான். எப்போதும் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவன், அன்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். வண்டி கிளம்பிவிட்டது. எனக்கு இடமில்லை. வீடு வரைக்கும் நான் நடந்துதான் வந்தேன்.